வீட்டு ஹாம் நிலையத்தின் காப்பு பேட்டரிக்கு எந்தச் சார்ஜர் பொருத்தமானது?

காவிரிக்கரை (மன்னார்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடியை ஒட்டிய ஒரு கிராமத்தில், வீட்டு மாடியறையில் ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையம் அமைத்திருக்கிறேன். 100 வாட் எச்எஃப் (சிற்றலை) ரிக் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) ஒன்றும், இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான 50 வாட் ரிக் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் இப்போது 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில் இயங்குகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததும், பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனதும் இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். அப்படியொரு நிலை மீண்டும் வந்தால், வெளி மின்சாரம் எதுவும் இல்லாமல் குறைந்தது 12 மணி நேரம் நிலையம் இயங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் கணக்கு இதுதான். எச்எஃப் ரிக் கேட்கும் நிலையில் ஏறத்தாழ 1 ஆம்பியர் எடுக்கிறது. முழுத் திறனில் அனுப்பும்போது உச்சத்தில் 21 ஆம்பியர் வரை போகிறது. எஸ்எஸ்பி என்ற குரல்முறைப் பேச்சில் சராசரி 10 ஆம்பியர் என்றும், மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அனுப்புவேன் என்றும் வைத்துக்கொண்டால், கேட்பதற்கு 9.6, அனுப்புவதற்கு 24, ஆக 34 ஆம்பியர்-மணி தேவைப்படும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கும் வெகு கீழே வடிக்கக் கூடாது என்பதால் 65 ஆம்பியர்-மணி எஸ்எம்எஃப் (நீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய லெட் ஆசிட்) பேட்டரி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்.

குழப்பம் சார்ஜரில்தான். உள்ளூர் பேட்டரிக் கடையில், முகப்பில் ஆம்பியர் மீட்டர் வைத்த கனமான டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரைப் பரிந்துரைக்கிறார்கள். இணையத்தில் 10 ஆம்பியர் ‘ஸ்மார்ட்’ சார்ஜர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பழுதான பேட்டரியைச் சீர்செய்யும் பல்ஸ் வசதியும் அவற்றில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. இவை எதுவும் வேண்டாம், இருக்கும் 13.8 வோல்ட் பவர் சப்ளையோடு பேட்டரியையும் இணைத்துவிட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். எங்கள் ஊரில் மாலை நேரங்களில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்குவதுண்டு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மூத்தஅலை (சேலம்) எழுதியது:

நண்பருக்கு வணக்கம். தேவையைக் கணக்கிட்டுவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்வது எளிதாகிறது. சார்ஜர் எத்தனை ஆம்பியர் தரும் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். பேட்டரியோடு ரிக்கும் இணைந்திருக்கும்போது அந்தச் சார்ஜர் எப்படி நடந்துகொள்ளும் என்பதே முதல் கேள்வி. பெரும்பாலான சார்ஜர்கள், பேட்டரி மட்டுமே இணைந்திருக்கும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. நம் நிலையத்தில் அப்படி இருப்பதில்லை.

ஸ்மார்ட் சார்ஜர் முதலில் முழு மின்னோட்டத்தைக் கொடுத்து அழுத்தத்தை 14.4 வோல்ட் வரை உயர்த்துகிறது. பிறகு அந்த அழுத்தத்திலேயே நிறுத்திவைத்து, பேட்டரி எடுக்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வருவதைக் கவனிக்கிறது. அது கொள்ளளவில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்காக இறங்கியதும் பேட்டரி நிறைந்துவிட்டது என்று முடிவுசெய்து, 13.6 வோல்ட் அளவிலான ஃப்ளோட் நிலைக்கு (நிறைந்த பேட்டரியை அப்படியே நிறைவாக வைத்திருக்கும் நிலை) மாறுகிறது. உங்கள் 65 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அந்த எல்லை 1.3 ஆம்பியர். ரிக் கேட்கும் நிலையிலேயே 1 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தால், பேட்டரி நிறைந்த பிறகும் மொத்த மின்னோட்டம் அந்த எல்லையை ஒட்டியே நிற்கும். சார்ஜரோ பேட்டரிக்குத்தான் இன்னும் பசி என்று நினைத்து, 14.4 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். எஸ்எம்எஃப் பேட்டரியை இப்படி நாள் முழுவதும் 14.4 வோல்ட்டில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் வாயுவாகி வெளியேறும். மூடிய பேட்டரி என்பதால் அதை மீண்டும் ஊற்ற வழியில்லை. வேறு சில சார்ஜர்கள் இடையில் சற்று நேரம் மின்னோட்டத்தை நிறுத்தி, பேட்டரியின் அழுத்தம் தாங்குகிறதா என்று சோதிக்கும். அந்த நேரத்தில் ரிக் மின்சாரத்தை இழுத்தால், நல்ல பேட்டரியையே பழுது என்று காட்டி நின்றுவிடும்.

பல்ஸ் சீரமைப்பு வசதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவ்வகை நிலையில் சில சார்ஜர்கள் 15.8 வோல்ட் வரை போகின்றன. நம் ரிக்குகளில் பலவும் 13.8 வோல்ட்டுக்கு நூற்றுக்கு 15 கூடுதல் குறைவு வரை தாங்கும்; அதாவது 11.7 முதல் 15.8 வரை. விளிம்பில் நின்று பார்க்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. அந்த வசதி இல்லாத சார்ஜரையே தேர்ந்தெடுங்கள், அல்லது அதைப் பயன்படுத்தும்போது ரிக்கைக் கழற்றிவிடுங்கள்.

கடைக்காரர் பரிந்துரைத்த டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை வேண்டாம் என்றே சொல்வேன். அதில் அழுத்தக் கட்டுப்பாடு கிடையாது; பேட்டரி நிறைந்த பின்னும் அழுத்தம் 16 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அது இயங்கிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனை தளர்ந்து கழன்றுவிட்டால், வடிகட்டப்படாத உச்ச அழுத்தம் முழுவதும் ரிக்கின் மேல் இறங்கும். பணிமனையில் ஒருவர் பக்கத்திலேயே இருந்து வாகன பேட்டரியை ஏற்றுவதற்கு ஏற்ற கருவி அது. ஆண்டு முழுவதும் கவனிப்பின்றி இணைந்திருக்க வேண்டிய இடத்துக்கு ஏற்றதன்று. மேலும், உள்ளே வரும் மின்சாரம் 180 வோல்ட்டாக இறங்கினால் அதன் வெளியீடும் அதே விகிதத்தில் இறங்கிவிடும்.

உங்கள் நண்பர் சொன்ன வழியை முற்றிலும் தள்ளிவிட முடியாது. 13.8 வோல்ட் என்பது எஸ்எம்எஃப் பேட்டரியின் ஃப்ளோட் வரம்பான 13.5 முதல் 13.8 வரையில், மேல் எல்லையில் இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு 25 டிகிரி செல்சியஸுக்கு உரியது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். மாடியறையில் சித்திரை வைகாசியில் 38 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 13.6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 13.35 போதும். அங்கே 13.8 வோல்ட்டை மாதக்கணக்கில் கொடுப்பது பேட்டரியை மெல்ல வறளச் செய்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வடிந்துபோன பேட்டரியைத் திடீரென 30 ஆம்பியர் சப்ளையோடு இணைத்தால், அந்த சப்ளையில் மின்னோட்டக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், அது கொடுக்கக்கூடியதையெல்லாம் பேட்டரி இழுத்துக்கொள்ளும். 65 ஆம்பியர்-மணி எஸ்எம்எஃப் பேட்டரிக்கு 13 ஆம்பியருக்கு மேல் கொடுக்காமலிருப்பது நல்லது.

ஆகவே என் பரிந்துரை, இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுங்கள். ரிக்குக்கு மின்சாரம் தருவது இப்போதுள்ள பவர் சப்ளையாகவே இருக்கட்டும். பேட்டரியை ஏற்றுவதற்குத் தனியாக ஒரு சார்ஜர் இருக்கட்டும். இரண்டும் ரிக்கைச் சந்திக்கும் இடத்தில், வழிக்கு ஒன்றாக, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஷாட்கி டயோடுகள் இரண்டை வையுங்கள். எதன் அழுத்தம் கூடுதலோ அதுவே ரிக்குக்குப் போகும். மின்சாரம் நின்ற கணத்தில், இடைவெளியே இல்லாமல் பேட்டரி பொறுப்பேற்கும். இதையே ஆயத்தமான பெட்டியாக வெஸ்ட் மவுண்டன் ரேடியோ நிறுவனம் பவர்கேட் என்ற பெயரில், சார்ஜரையும் உள்ளடக்கி விற்கிறது. நாமே செய்வதும் கடினமில்லை. 40 ஆம்பியருக்குக் குறையாத டயோடுகளை எடுத்துக்கொண்டு, தக்க ஹீட்சிங்க்கில் பொருத்துங்கள். 20 ஆம்பியரில் அரை வோல்ட் இழப்பு என்றால் 10 வாட் வெப்பம் அங்கே உருவாகும். பவர் சப்ளையில் அழுத்தத்தைத் திருத்தும் வசதி இருந்தால் அதைச் சார்ஜரின் 14.4 வோல்ட்டுக்குச் சற்று மேலாக வையுங்கள். அப்போதுதான் சாதாரண நாட்களில் பேட்டரியோ சார்ஜரோ ரிக்கின் சுமையை ஏற்காது. சார்ஜரும் பேட்டரியை மட்டுமே பார்த்துச் சரியாக முடிவெடுக்கும். எஸ்எம்எஃப் பேட்டரிக்கு 7 முதல் 10 ஆம்பியர் வரை தரும், வெப்பத்தை அளந்து அழுத்தத்தைத் திருத்திக்கொள்ளும் உணரி வைத்த, மூன்று கட்டச் சார்ஜரைத் தேடுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் உள்ளீடு கொண்டதாக அது இருந்தால் உங்கள் மாலை நேரச் சிக்கலும் தீரும்.

ஏழுமெகா (திருச்சி) எழுதியது:

மூத்தஅலை ஐயா சொன்னவற்றோடு ஒரு பெரிய விஷயத்தைச் சேர்க்க வேண்டும். வாங்கப் போகும் சார்ஜர் உங்கள் ரிசீவரின் காதை அடைத்துவிடாமல் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் சார்ஜர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வேலை செய்பவை. மலிவான கருவிகளில் உள்ளீட்டு, வெளியீட்டு வடிகட்டிகளுக்கான இடத்தைப் பலகையில் அச்சிட்டுவிட்டு, பாகங்களைப் பொருத்தாமலேயே அனுப்பிவிடுகிறார்கள். விளைவாக, நாற்பது மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் ஏறத்தாழ நூறு கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை கரகரப்பான மேடு ஒன்று எழும். சுமை மாறும்போது அது இடமும் நகரும். நமக்குப் பக்கத்து மாவட்டங்களோடு பேசுவதற்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கிறது. அவசர நேரத்தில் ஜெனரேட்டர் ஓடி, சார்ஜரும் ஓடும்போது, பலவீனமான நிலையம் ஒன்று உதவி கேட்டு அழைப்பதை இந்த இரைச்சல் மூடிவிட்டால், பேட்டரி நிறைந்திருந்து என்ன பயன்?

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ரிக்கைப் பேட்டரியில் மட்டும் இயக்கி, 3.5, 7, 14 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் எஸ்-மீட்டர் (வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் அளவி) எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெயினைப் போட்டு, சார்ஜரை மட்டும் இயக்கி அதே இடங்களில் மீண்டும் பாருங்கள். சார்ஜர் இருக்கும்போதும் அணைக்கும்போதும் உள்ள வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். வடிந்த பேட்டரியோடு ஒரு முறை, நிறைந்த பேட்டரியோடு ஒரு முறை பாருங்கள். சில சார்ஜர்கள் முழுச் சுமையில் அமைதியாக இருந்து, ஃப்ளோட் நிலைக்கு வந்த பிறகுதான் சத்தம் போடத் தொடங்கும். திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்குவது இதற்காகத்தான்.

இரைச்சல் மிதமாக இருந்தால் ஃபெரைட் வளையம் உதவும். வயரின் மேல் கிளிப் போல மாட்டும் சிறு ஃபெரைட் துண்டின் வழியாக ஒரே ஒரு முறை வயரைக் கொண்டுசெல்வதால் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிய பலன் இருக்காது. 31 வகைக் கலவையில் செய்த, 2.4 அங்குல விட்டமுள்ள பெரிய வளையத்தை வாங்கி, சார்ஜரின் டிசி வயர்கள் இரண்டையும் சேர்த்து எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். ஏசி வயருக்கும் அதேபோல் இன்னொன்று தேவை. நீங்கள் 100 வாட்டில் அனுப்பும்போது அந்த ரேடியோ ஆற்றல் வயர் வழியாகச் சார்ஜருக்குள் புகுந்து, அதன் கட்டுப்பாட்டுச் சுற்றைக் குழப்புவதையும் இதே வளையங்கள் தடுக்கும். ஆன்டெனா வீட்டுக்கு மேலேயே இருந்தால் இது கட்டாயம்.

எளிய வழி ஒன்றும் இருக்கிறது. சார்ஜருக்கு ஒரு தனி சுவிட்ச் வைத்து, நெட் (பல நிலையங்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) நடக்கும் நேரத்தில் அணைத்துவிடுங்கள். நல்ல நிலையிலுள்ள எஸ்எம்எஃப் பேட்டரி சில மணி நேரம் ஃப்ளோட் இல்லாமல் இருப்பதால் எந்தக் கேடும் இல்லை.

மலைச்சாரல் (கோயம்புத்தூர்) எழுதியது:

நண்பர் எந்தப் பேட்டரி என்பதை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறார். அதை மறுபரிசீலனை செய்யச் சொல்வேன், ஏனெனில் சார்ஜர் கேள்விக்கான விடை அதிலேயே அடங்கியிருக்கிறது. புயலுக்குப் பிந்தைய நாட்களை எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவருடைய ஜெனரேட்டர் தெருவுக்கு வருகிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பும் வரை இரண்டு மணி நேரம் ஓடுகிறது. பிறகு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரத்தை உள்ளே வாங்க முடியும் என்பதே அங்கே கேள்வி.

லெட் ஆசிட் பேட்டரி பாதியிலிருந்து எண்பது சதவீதம் வரை ஓரளவு வேகமாக ஏறும். கடைசி ஐந்தில் ஒரு பங்கை, எவ்வளவு பெரிய சார்ஜரை வைத்தாலும், நான்கைந்து மணி நேரத்துக்குக் குறைவாக ஏற்ற முடியாது. அதன் வேதியியல் அப்படி. ஒவ்வொரு நாளும் முழுதாக ஏறாமல் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவும் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அரைகுறையாக ஏறியிருப்பது அதற்குக் கேடு செய்வதில்லை. 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் 40 வரை தயங்காமல் பயன்படுத்தலாம். 20 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் உங்களுக்குத் தேவையான 34 ஆம்பியர்-மணியும் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வந்துவிடும். அந்தச் சார்ஜருக்கு ஏறத்தாழ 350 வாட் போதும் என்பதால் சிறிய ஜெனரேட்டரும் தாங்கும்.

அழுத்தத்திலும் ஆதாயம் உண்டு. பாதி வடிந்த எஸ்எம்எஃப் பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.1 அல்லது 12.2 வோல்ட்தான் காட்டும். அதில் 20 ஆம்பியர் இழுத்து, டயோடிலும் வயரிலும் ஏற்படும் இழப்பையும் கழித்தால் ரிக்குக்குக் கிடைப்பது 11.7 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். குரல் சிதையும், சில ரிக்குகள் தாமாகவே அணைந்துவிடும். ஆகவே மூத்தஅலை ஐயா சொன்ன டயோடு அமைப்பை எஸ்எம்எஃப் பேட்டரியோடு பயன்படுத்துவதானால், காகிதத்தில் மீதமிருக்கும் கொள்ளளவு நடைமுறையில் கைக்கு எட்டாமல் போகலாம் என்பதை மரியாதையோடு சுட்டிக்காட்டுகிறேன். லித்தியம் பேட்டரி பெரும்பகுதி நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

சார்ஜர் மட்டும் இதற்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, மின்னோட்டம் குறைந்ததும் நின்றுவிட வேண்டும், அல்லது 13.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். பல்ஸ் சீரமைப்பும் சமன்படுத்தும் கட்டமும் கொண்ட லெட் ஆசிட் சார்ஜரை இதில் இணைக்கவே கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பாதுகாப்புக் கட்டுப்பாட்டுச் சுற்று) அந்த உயர் அழுத்தத்தைக் கண்டதும் பேட்டரியைத் துண்டித்துவிடும். இன்னொன்றையும் வாங்கும்போதே கேளுங்கள். பேட்டரி முழுதாக வடிந்து பிஎம்எஸ் துண்டித்துக்கொண்டால் முனைகளில் அழுத்தம் பூஜ்யமாகத் தெரியும். சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அதைப் பார்த்து, பேட்டரியே இல்லை என்று கருதி ஏற்ற மறுத்துவிடுகின்றன. பூஜ்ய வோல்ட்டிலிருந்தும் எழுப்பக்கூடிய சார்ஜராக அது இருக்க வேண்டும்.

காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டரி வகையையே மாற்ற வேண்டும் என்ற கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. ஜெனரேட்டர் கிடைக்கும் இரண்டு மணி நேரம் என்ற கணக்கு எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. விலை வித்தியாசத்தைப் பார்த்தபோது மட்டும் ஒரு கேள்வி எழுந்தது. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும், அதற்கு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் இருக்கின்றன. அதை ஏற்றும் வேலையை இன்வெர்ட்டரே பார்த்துக்கொள்கிறது. அந்தப் பேட்டரியிலிருந்து ரிக்குக்கு நேரடியாக வயர் எடுத்தால் தனிச் சார்ஜரே தேவைப்படாதல்லவா? பேட்டரி கீழ்த்தளத்தில் இருப்பதால் ஏழெட்டு மீட்டர் வயர் ஓட வேண்டியிருக்கும்.

மூத்தஅலை எழுதியது:

முதலில் கோயம்புத்தூர் நண்பருக்கு. டயோடு இழப்பு பற்றிய உங்கள் கருத்து சரியானது. எஸ்எம்எஃப் பேட்டரியோடு அமைப்பவர்கள் டயோடுக்குப் பதிலாக மாஸ்ஃபெட் வைத்த ஐடியல் டயோடு தொகுதியையோ, மின்சாரம் நின்றதும் பேட்டரிக்கு மாறும் 40 ஆம்பியர் ரிலேயையோ பயன்படுத்தினால் அந்த அரை வோல்ட் மிஞ்சும். காவிரிக்கரை நண்பரின் ஊர் நிலைமைக்கு லித்தியமே ஏற்றது என்பதில் எனக்கும் இப்போது மாற்றுக் கருத்தில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி வேண்டாம். மின்சாரம் போன முதல் இரவிலேயே வீட்டு விளக்கும் மின்விசிறியும் அதை வடித்துவிடும். 10.5 வோல்ட் அருகே இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும் வரை யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். உங்கள் ரிக்கோ அதற்கு வெகு முன்பே செயலிழந்திருக்கும். நிலையத்தின் காப்பு பேட்டரி நிலையத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலும், இன்வெர்ட்டர் சுமையில் இயங்கும்போது பேட்டரி முனைகளில் 100 ஹெர்ட்ஸ் அலைவு ஏறியிருக்கும், அது உங்கள் ஒலிபரப்பில் உறுமலாகக் கேட்கக்கூடும்.

வயர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். 6 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் மீட்டருக்கு ஏறத்தாழ 3.1 மில்லி ஓம். எட்டு மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவும் 16 மீட்டர். 20 ஆம்பியரில் அதிலேயே 1 வோல்ட் போய்விடுகிறது. புதிய பேட்டரியை ரிக்கிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வைத்தால் அதே வயரில் கால் வோல்ட்தான் இழப்பு.

ஏழுமெகா எழுதியது:

இருபது ஆம்பியர் லித்தியம் சார்ஜர் என்று முடிவாகும்போது, விசிறியின் சத்தத்தையும் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். மாடியறையில் மைக் பக்கத்திலேயே அது ஓடப் போகிறது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். ரிக்கோடு வரும் வயரிலுள்ள ஃபியூஸ் அந்த வயரை மட்டுமே காக்கும். அதற்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், தடுக்க அங்கே எதுவும் இருக்காது. சார்ஜரிலிருந்து வரும் வயருக்கும் பேட்டரி முனையருகே 25 ஆம்பியரில் தனி ஃபியூஸ் தேவை, ஏனெனில் அந்த வயருக்குள் பேட்டரியிலிருந்தும் மின்சாரம் திரும்பிப் பாயலாம். சார்ஜர் வந்ததும் 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்-மீட்டர் என்ன காட்டுகிறது என்பதை இங்கேயே எழுதுங்கள். இதே அளவுச் சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கும் திருச்சி நண்பர்கள் சிலருக்கும் அது உதவும். 73 (ஹாம் நண்பர்களின் வாழ்த்து).